பாம்பனிலிருந்து எராஸ்மஸ் முண்டஸ் விண்ணப்பம்: எங்கே தொடங்குவது, எதை எழுதுவது?

பாம்பன் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு. அப்பா நாட்டுப்படகு, அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். கடல் சார்ந்த முதுநிலைப் படிப்பை, ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் போன்ற முழு உதவித்தொகையோடு வெளிநாட்டில் படிக்க ஆசை. அவருடைய கேள்விகள் மூன்று. விண்ணப்பத்தை எப்படித் தயார் செய்வது? மதுரையில் ஒரு ஏஜென்சிக்காரர் 80,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா? "எங்க வீட்ல யாரும் காலேஜ் படிச்சதில்ல. எஸ்ஓபில எழுத என்கிட்ட என்னக்கா இருக்கு?" (எஸ்ஓபி என்றால், ஏன் இந்தப் படிப்பு, ஏன் நான் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்கக் கட்டுரை.)

நான் பாம்பனுக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வளர்ந்தவள். இதே வழியில் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள். முதல் வருடம் விண்ணப்பித்துக் கிடைக்காமல், அடுத்த வருடம் கிடைத்தது. அந்த இரண்டு விண்ணப்பங்களுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதையும், அதன்பிறகு நம் கரைப் பிள்ளைகளின் வரைவுகளைப் படித்துப் பார்த்ததில் தெரிந்ததையும் சொல்கிறேன்.

முதலில் பணம். அந்த 80,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பிரிட்டனின் செவனிங், அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகை இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. எராஸ்மஸ் முண்டஸ் என்றால் அந்தப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தளத்தில் நீங்களே நேராக விண்ணப்பிக்க வேண்டியதுதான். ஏஜென்சி அங்கே செய்யப்போவது, ஏற்கனவே பத்துப் பேருக்கு எழுதிய எஸ்ஓபியில் உங்கள் பெயரை மாற்றிப் போடுவது. தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் படிக்கிறவர்கள். இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தப் பணம் உங்களுக்கு வேறு இடத்தில் தேவைப்படும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து, எந்த உதவித்தொகை. பெயரைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன்னால் தகுதி வரியைப் படியுங்கள். செவனிங் பிரிட்டனில் ஒரு வருட முதுநிலைப் படிப்புக்கானது. அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு வருடம். படித்து முடித்ததும் குறைந்தது இரண்டு வருடம் ஊருக்குத் திரும்பி இருக்க வேண்டும். ஜெர்மனியின் டிஏஏடி வளரும் நாட்டினருக்கு நடத்தும் முதுநிலைத் திட்டத்துக்கும் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். ஃபுல்பிரைட் - நேரு முதுநிலை உதவிக்கு மூன்று வருட அனுபவம் வேண்டும். போதாததற்கு நம் மூன்று வருட பி.எஸ்சி. மட்டும் அங்கே போதாது. நான்கு வருடப் பட்டமோ, மேலே ஒரு எம்.எஸ்சி.யோ இருக்க வேண்டும்.

அதனால் இப்போதைக்கு உங்களுக்குத் திறந்திருக்கும் பெரிய கதவு எராஸ்மஸ் முண்டஸ்தான். கடைசி வருடத்தில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். வேலை அனுபவம் கட்டாயம் என்று பொதுவிதி இல்லை. குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு நடக்கும். கல்விக் கட்டணமும் காப்பீடும் அவர்கள் பொறுப்பு. கையில் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். மொத்தக் கணக்கில் 33,600 யூரோ. ஒவ்வொரு படிப்புக்கும் தனி நிபந்தனை உண்டு என்பதால், எராஸ்மஸ் முண்டஸ் பட்டியலைத் திறந்து கடல், மீன்வளம், நீர்வாழ் உயிரினம் என்று தேடி, கிடைப்பதை ஒரு நோட்டில் எழுதி, மூன்று வருடப் பட்டத்தை ஏற்கிறார்களா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒருங்கிணைப்பாளருக்கு நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். பதில் போடுவார்கள், தயங்க வேண்டாம்.

நம் அரசுகளின் உதவியும் இருக்கிறது. பட்டியல் சாதி, சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. வருடத்துக்கு 125 இடம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், மதிப்பெண் 60 சதவீதம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் திட்டமும் உண்டு. நம் கரையில் மீனவச் சமூகங்கள் பல பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பட்டியலில் வருவதால் எல்லோருக்கும் இது பொருந்தாது. சாதிச் சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி காகிதங்கள். நான் பார்த்தவரை நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது பெயரில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அந்தோணியம்மாள் ஜெ. என்று இருக்கும். ஆதாரில் நடுவில் ஆங்கில 'ஒய்' ஒன்று கூடியிருக்கும். கல்லூரியில் இனிஷியல் முன்னால் வந்துவிடும். கீழக்கரைப் பக்கம் முகம்மது என்ற ஒரு பெயரை மட்டும் ஒரே வீட்டில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். வெளிநாட்டு விண்ணப்பத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். இனிஷியலை அங்கே போட முடியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டவர்கள் விசா நேரத்தில் படாத பாடு படுகிறார்கள். அதனால் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் பின்பற்றுங்கள். ஆதாரைத் திருத்துவது சுலபம், சான்றிதழைத் திருத்துவதுதான் பாடு. நம் ராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. சாதாரண விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய்.

அப்புறம் டிரான்ஸ்கிரிப்ட். மதிப்பெண் பட்டியல் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. எல்லாப் பருவத்து மதிப்பெண்களையும் ஒன்றாகப் போட்டுப் பல்கலைக்கழகமே முத்திரை வைத்துக் கொடுப்பது அது. எனக்கு அது கைக்கு வர ஏழு வாரம் ஆனது. மூன்று முறை பஸ் ஏறிப் போனேன். மூன்றாவது முறைதான் கட்டணச் சலானில் ஒரு நகல் குறைகிறது என்றே சொன்னார்கள். ஆகவே ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள். கடைசிப் பருவம் முடியாவிட்டாலும் அதுவரைக்கும் உள்ளதைக் கேட்டு வாங்கலாம்.

ஆங்கிலத் தேர்வுக்கு ஐஇஎல்டிஎஸ் என்றால் பெரும்பாலும் 6.5 கேட்பார்கள். மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். படித்தது ஆங்கில வழி என்று கல்லூரி தரும் கடிதத்தையே சில படிப்புகள் ஏற்றுக்கொள்ளும். முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.

நம் கரைக்கு ஏற்ற கால அட்டவணை ஒன்றைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில் பாஸ்போர்ட், ஆதார் வேலையை முடியுங்கள். சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஆங்கிலத் தேர்வும் டிரான்ஸ்கிரிப்ட்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் எழுத்து. அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் பெரும்பாலான எராஸ்மஸ் முண்டஸ் கதவுகள் திறந்து மூடிவிடும். அது நமக்கு வாடைக்காலம், புயல் மாதம். 2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, வரைவு எல்லாம் முடித்து வைத்திருந்தும், கரண்டும் டவரும் இல்லாமல் ஏற்ற முடியாமல் போனது. கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னால் அனுப்பிவிடுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஐரோப்பிய நேரம் இரவு 11:59 என்றால், அந்த மாதங்களில் நமக்கு மறுநாள் அதிகாலை 4:29. அந்த நாலரை மணி நேரத்தை நம்பி யாரும் இருக்கக் கூடாது.

பரிந்துரைக் கடிதத்தில் நம் கல்லூரிகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. சார் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்" என்பார். எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு கடிதமும் எஸ்ஓபியும் ஒரே கையால் எழுதியது என்று படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், அப்படித் தெரிந்தால் விண்ணப்பம் அதோடு போயிற்று. அதற்குப் பதிலாக ஒரு பக்கம் தயார் செய்து அவரிடம் கொடுங்கள்: எந்தப் பாடம் எடுத்தார், எத்தனை மதிப்பெண், ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள், உங்கள் செயல்முறைத் திட்டத்தில் எது சரியாக வரவில்லை, அதை எப்படிச் சரி செய்தீர்கள், விண்ணப்பிக்கும் படிப்பு எது, கடைசித் தேதி எது. "சார், நீங்க பார்த்ததை மட்டும் எழுதுங்க, ஆங்கிலம் எளிமையா இருந்தா போதும்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். நாலு வாரம் அவகாசம் கொடுங்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். துறைத்தலைவர் என்பதற்காக உங்களை அடையாளம் தெரியாதவரிடம் போகாதீர்கள். உங்களோடு களத்துக்கு வந்த இளைய ஆசிரியரின் கடிதம் பத்து மடங்கு பேசும்.

சரி, எஸ்ஓபி. "என்கிட்ட என்ன இருக்கு" என்ற கேள்விக்கு வருகிறேன்.

போன வருடம் தேவிபட்டினத்துத் தம்பி ஒருவர் அவருடைய வரைவைக் காட்டினார். முதல் வரி: எல்லையற்ற கடலின் அழகு சிறுவயதிலிருந்தே என்னைக் கவர்ந்தது. அடுத்து பருவநிலை மாற்றம், உலக வெப்பம், நிலையான வளர்ச்சி. ஒரு பக்கம் முழுக்கப் படித்தும் அவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. பேப்பரை மூடி வைத்துவிட்டு, அப்பா என்ன தொழில் என்று கேட்டேன். நண்டு வலை என்றார். எத்தனை மணிக்கு வலை எடுக்கப் போவார், வலையில் என்னென்ன ஏறும், யாரிடம் போடுவார் என்று கேட்கக் கேட்க அரை மணி நேரம் பேசினார். சினை நண்டு ஏறினால் திரும்பக் கடலில் விடச் சொல்கிறார்கள், ஆனால் வலையிலிருந்து கால் ஒடியாமல் பிரிக்க ஒரு நண்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா, அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்று கேட்டார். அதுதான் எஸ்ஓபி. ஒரு முதுநிலை ஆய்வுக்கான கேள்வியே அதில் முழுதாக இருந்தது. அவர் அதை எழுதத் தகுந்த விஷயமாகவே நினைக்கவில்லை.

உங்கள் விஷயம் அதைவிட வளமானது. அம்மா விரல்களில் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பதை நீங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறீர்கள். எந்தப் பாசியை வேரோடு பிடுங்கக் கூடாது, எது எந்தக் காற்றில் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் மாதம் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களைத் திரட்டி நின்ற லட்சுமி மூர்த்திக்கு 2015ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சர்வதேச சீக்காலஜி பரிசு கிடைத்தது. இன்னொரு பக்கம், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பூங்காவைக் காக்க வேண்டும், இந்தப் பெண்களின் சோறும் போகக் கூடாது. அந்த 12 நாள் கட்டுப்பாடு பாசி திரும்ப வளரப் போதுமானதா? இந்தக் கேள்வியை ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் எந்த மாணவரும் உங்களைப் போலக் கேட்க முடியாது.

ஆனால் பார்த்ததை அப்படியே கதையாகச் சொன்னால் பாதிக் கிணறுதான். அதைக் கணக்காக்க வேண்டும். இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். அம்மா போன நாள், போன இடம், எத்தனை மணி நேரம், எடுத்த பாசியின் ஈர எடை, காய்ந்தபின் எடை, விலை, அன்றைய காற்று. அம்மாவோடு போகும் நாலு பேரிடமும் அனுமதி கேட்டு அவர்கள் கணக்கையும் எழுதுங்கள். அக்டோபருக்குள் உங்கள் கையில் சில மாதத்து எண்கள் இருக்கும். இடத்தை எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். அவர்களுக்குத் தொந்தரவு வரும்படி ஊர், பெயர், தீவு எதையும் வெளியே காட்டாதீர்கள். அதை ஏன் மறைத்தீர்கள் என்று எஸ்ஓபியில் ஒரு வரி எழுதினால், அதுவே உங்கள் ஆய்வு நேர்மைக்குச் சாட்சி.

கூடவே படியுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947ல் தொடங்கியது. பல வருடம் தலைமையிடமே மண்டபம் முகாமில்தான் இருந்தது. இன்றும் அங்கே மையம் இருக்கிறது. அதன் ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மன்னார் வளைகுடாப் பாசிகள் பற்றி மூன்று கட்டுரை போதும். குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில், வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி பரவியதை ஆய்வாளர்கள் 2008ல் பதிவு செய்ததையும் படியுங்கள். அதே பாசியை வளர்த்துப் பிழைக்கும் பெண்கள் நம் கரையில் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் நீங்கள் அறிந்தவர் என்று தெரியும்படி ஒரு பத்தி எழுதினால் குழு நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து, அந்தப் படிப்பு ஏன். பாடத்திட்டத்தைத் திறந்து இரண்டு பாடங்களை எடுத்து, என் நோட்டில் உள்ள இந்தக் கேள்விக்கு இந்தப் பாடத்தில் சொல்லித்தரும் முறை வேண்டும் என்று எழுதுங்கள். "உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகம்" என்ற வரி ஒன்றுக்கும் உதவாது. அவர்கள் புகழ் அவர்களுக்கே தெரியும். திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்பதையும் ஊர் பெயரோடு எழுதுங்கள். நம் மாவட்டத்து வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்குக் கடற்பாசிப் பூங்கா திட்டமிட்டிருக்கிறார்கள். அங்கே விதைப்பாசியின் தரம் பார்க்க ஆள் வேண்டும், சங்கங்களுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

வறுமையை எழுதலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு வரி எழுதுங்கள்: குடும்பத்தில் முதல் பட்டதாரி, படிக்கும்போதே இன்ன வேலை செய்தேன். அதற்கு மேல் வேண்டாம். எராஸ்மஸ் முண்டஸ் தேர்வில் பார்ப்பது தகுதியையும் தயாரிப்பையும். என்னுடைய முதல் விண்ணப்பத்தில் அரைப் பக்கம் கஷ்டத்தை எழுதினேன், மீதி அரைப் பக்கம் பூமி சூடாவதைப் பற்றி எழுதினேன். மண்டபம் என்ற சொல்லே அதில் வரவில்லை. அரியர் இருந்தால் மறைக்காமல், காரணத்தை ஒரு வரியில் சொல்லி, அடுத்த பருவத்தில் எடுத்த மதிப்பெண்ணைக் காட்டுங்கள்.

எழுதும் முறைக்கு ஒரு யோசனை. நேரடியாக ஆங்கிலத்தில் உட்காராதீர்கள். போனில் பதிவைப் போட்டு, என்னிடம் சொல்வதாக நினைத்துத் தமிழில் பத்து நிமிடம் பேசுங்கள். அதைக் கேட்டு எழுதி, வேண்டாததை வெட்டி, அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலமாக்குங்கள். ஏஐ கருவியிடம் இலக்கணப் பிழை பார்க்கக் கொடுப்பதாக இருந்தால், அந்தப் படிப்பின் விதியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதித் தா என்று மட்டும் எங்கேயும் கேட்காதீர்கள். கேட்டால் அந்தத் தேவிபட்டினத்துத் தம்பியின் முதல் வரிதான் உங்களுக்கும் வரும்.

வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் அப்பா "தனியாப் பொட்டப்புள்ள எப்படி" என்று இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. உதவித்தொகைக் கடிதம் வந்ததும் அதை வரி வரியாகத் தமிழில் எழுதி அவர் முன்னால் வாசித்தேன். மாதம் எவ்வளவு வரும், உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள், எந்தத் தேதியில் திரும்புவேன். காப்பீடு பற்றிய வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். உங்கள் அப்பாவுக்கு இப்போதிலிருந்தே ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லிக்கொண்டு வாருங்கள். கடைசி நாளில் போய்ச் சொன்னால் பயம்தான் முந்தும்.

அந்த 80,000 ரூபாய் எங்கே தேவைப்படும் என்று சொன்னேன் அல்லவா? விமான டிக்கெட், விசா எல்லாம் அந்த மாதம் 1,400 யூரோவுக்குள் அடங்கியது என்பதுதான் கணக்கு. ஆனால் முதல் மாதத் தொகை பெரும்பாலும் அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்தபின்தான் வரும். அதுவரைக்கும் டிக்கெட், விசா, வீட்டு முன்பணம் எல்லாம் நம் கையிலிருந்து. ஒன்றரை லட்சமாவது தயாராக வைத்திருங்கள். 4 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் தேவையில்லை என்பது வங்கிகளின் மாதிரித் திட்டம். உதவித்தொகைக் கடிதத்தோடு போனால் மேலாளரிடம் பேச்சு சுலபமாகும். மீட்டர் வட்டிக்கும் வியாபாரியிடம் முன்பணத்துக்கும் போகாதீர்கள். அம்மாவின் பாசி அந்த வியாபாரியிடமே கட்டுப்பட்டுவிடும்.

முடிவு வரும்போது மூன்று விதமாக வரலாம். உதவித்தொகையோடு இடம், காத்திருப்புப் பட்டியல், சொந்தச் செலவில் இடம். மூன்றாவதைப் பார்த்ததும் சந்தோஷத்தில் சரி என்று போட்டுவிடாதீர்கள். இரண்டு வருடக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். காத்திருப்புப் பட்டியல் என்றால் நம்பிக்கையோடு இருங்கள், மேலே உள்ளவர்கள் வேறு இடம் கிடைத்து விலகுவது சகஜம். கிடைக்காமலே போனாலும் அந்த வருடத்தைச் சும்மா விடாமல் முழுநேர வேலைக்குப் போங்கள். ஆய்வு நிறுவனத்தின் திட்டப் பணியாளர் வேலையோ தொண்டு நிறுவனக் களப்பணியோ எதுவானாலும் நியமனக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் சேர்ந்தால் செவனிங்கும் டிஏஏடியும் திறக்கும்.

நோட்டு போட்டு ஒரு மாதம் ஆனதும் முதல் நாலு பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். எஸ்ஓபி வரைவைத் தமிழில் அனுப்பினாலே போதும், படித்துவிட்டுச் சொல்கிறேன்.